பொம்மை ரயிலுக்கு வரப்பு

பொம்மை ரயிலுக்கும் ஒரு சரித்திரமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ராஜாக்களுக்கும் யுத்தங்களுக்கும் சரித்திரம் உண்டு. குழந்தைகள் தரையில் ஓட்டி விளையாடும் தகர வண்டிக்கு என்ன சரித்திரம் என்பது அவர்கள் எண்ணம். என் அபிப்பிராயம் வேறு. பெரிய காரியங்களில் மனிதன் பட்டுத் தெளிந்த ஒரு பாடத்தைச் சின்னக் காரியத்தில் எப்படி மறந்தான், எப்படி மறுபடியும் கற்றான் என்று பார்ப்பதில் ஒரு சுவை இருக்கிறது. பொம்மை ரயில் அதற்கு நல்ல உதாரணம். நூற்றுச் சொச்சம் வருஷங்களுக்குள் அதில் வேலி போட்டார்கள், வேலியைப் பிடுங்கினார்கள், பிறகு, பிடுங்கின கையாலேயே மறுபடியும் வேலி போட்டார்கள்.

1859-ஆம் வருஷம் ஜெர்மனியில் கோப்பிங்கன் என்ற ஊரில் தியோடர் மார்க்லின் என்பவர் ஒரு தகரப் பட்டறை வைத்தார். பொம்மை வீடுகளுக்கு வேண்டிய சின்னஞ்சிறு சமையல் சாமான்கள்தாம் அவருடைய சரக்கு. 1866-ல் அவர் காலமானார். மனைவி கரோலின் தொழிலைக் கைவிடாமல் நடத்தினார். பிள்ளைகள் தலையெடுத்த பிறகு, 1891-ல், லைப்ஸிக் நகரத்துச் சந்தைக்கு அவர்கள் ஒரு புதுமையைக் கொண்டு போனார்கள். தண்டவாளம் எட்டு என்ற எண்ணைப் போல வளைந்து, தன்னைத் தானே வெட்டிக்கொண்டு போயிற்று. அதன் மீது சாவி கொடுத்த ரயில் ஓடிற்று. அதைவிட முக்கியம், தண்டவாளத்தின் அகலத்துக்கு அவர்கள் அளவுகளை நிர்ணயம் செய்ததுதான். இந்தப் பிறந்த நாளுக்கு வாங்கின தண்டவாளத்தோடு அடுத்த பிறந்த நாளுக்கு வாங்குகிற தண்டவாளம் பொருந்தும். வாங்கியதோடு முடிந்துபோகாமல் வளர்ந்துகொண்டே போகிற பொம்மை ஆயிற்று ரயில். தகப்பனார்களின் பணப் பைக்கு வந்த சோதனை அன்று ஆரம்பித்தது.

சாவி ரயில் சாது. முறுக்கின வில் தளரும் வரையில் ஓடும், பிறகு நிற்கும். அதற்கும் மற்றோர் எஞ்சினுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. மின்சாரம் வந்ததும் கதை மாறியது. நியூயார்க்கில் ஜோஷுவா லயனல் கோவன் என்பவர் 1900-ல் ஒரு கம்பெனி ஆரம்பித்தார். கடைக் கண்ணாடி ஜன்னலுக்குள் ஒரு மின்சார வண்டி சுற்றிச் சுற்றி ஓடினால் தெருவில் போகிறவன் நின்று பார்ப்பான், சரக்கு விற்கும் என்பது அவருடைய யோசனை. தெருவில் போகிறவன் நின்றான்; ஆனால் சரக்கை விட்டுவிட்டு அந்த வண்டியை விலைக்குக் கேட்டான்.

மின்சார ரயிலில் எஞ்சினுக்குள் ஒரு சின்ன மோட்டார் இருக்கிறது. அதற்கு வேண்டிய மின்சாரம் தண்டவாளத்தின் வழியாகவே வருகிறது. மின்சாரத்தைக் கூட்டினால் வண்டி வேகமாகப் போகும், குறைத்தால் தயங்கும், நிறுத்தினால் நின்றுவிடும். ஒரு வண்டி இருக்கும் வரையில் இதில் ஒரு குறையும் இல்லை. இரண்டாவது எஞ்சினைத் தண்டவாளத்தில் வைத்த நாளில்தான் வீட்டில் வழக்கு மூண்டது. ஒன்றை ஓட்ட மின்சாரம் விட்டால் மற்றொன்றும் ஓடுகிறது. ஒன்றை நிறுத்தினால் இரண்டும் நிற்கின்றன. அண்ணனும் தம்பியும் ஆளுக்கோர் எஞ்சின் வைத்திருந்தும், ஓட்டுகிறவன் ஒருவன்தான்.

இதற்குக் கண்டுபிடித்த வழி எளிமையானது. தண்டவாளத்தை அங்கங்கே அறுத்து, அறுத்த இடத்தில் மின்சாரம் தாண்டாமல் இடைவெளி விட்டார்கள். முழுத் தண்டவாளமும் பல துண்டுகளாக, தனித் தனிப் பாத்திகளாக ஆயிற்று. ஒவ்வொரு பாத்திக்கும் தனிக் கம்பி, தனிச் சுவிட்சு. இந்தப் பாத்தி அண்ணனுடைய கைப்பிடிக்கு, அந்தப் பாத்தி தம்பியுடைய கைப்பிடிக்கு என்று சுவிட்சைத் திருப்பிவிட்டால் இரண்டு வண்டிகளும் தத்தம் இஷ்டப்படி ஓடும். வயலில் மடை மாற்றித் தண்ணீர் விடுகிறவனுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

தண்டவாளத்தைப் பங்கு போடும் இந்த யோசனை பொம்மைக்காரர்களின் சொந்தச் சரக்கு அல்ல. பெரிய ரயிலில் அது அவர்களுக்கு முன்பே இருந்தது. ஆனால் அங்கே அது வந்த வழி வேறு. அந்த வழியில் ரத்தம் சிந்தியிருக்கிறது.

இங்கிலாந்தில் ரயில் ஓட ஆரம்பித்த காலத்தில் ஒரு வண்டி போனால் இத்தனை நிமிஷம் கழித்து அடுத்த வண்டியை விடுவது என்பதுதான் விதி. முன்னே போன வண்டி நடு வழியில் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அந்த விதியில் பதில் இல்லை. தந்தி முறையைக் கண்டவர்களில் ஒருவரான வில்லியம் ஃபாதர்கில் குக், 1842-லேயே இதற்கு ஒரு மாற்றுச் சொன்னார். பாதையைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு பகுதிக்குள் ஒரு வண்டிதான் இருக்கலாம். அது வெளியேறிவிட்டது என்று அடுத்த நிலையத்திலிருந்து தந்தி வந்த பிறகுதான் அடுத்த வண்டிக்கு அநுமதி. நம் ஊர் ஸ்டேஷன்களில் ‘லைன் கிளியர்’ என்று தலைமுறை தலைமுறையாகப் புழங்கி வரும் வார்த்தையின் பூர்வோத்திரம் இதுதான்.

நல்ல யோசனைதான். ஆனால் செலவாகும். கம்பெனிகள் கணக்குப் பார்த்தன. 1861-ஆம் வருஷம் ஆகஸ்டு 25-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பிரைட்டனிலிருந்து மூன்று வண்டிகள் சில நிமிஷ இடைவெளியில் ஒன்றன் பின் ஒன்றாக லண்டனுக்குக் கிளம்பின. வழியில் கிளேட்டன் என்ற இடத்தில் ஒரு சுரங்கப் பாதை. முதல் வண்டி உள்ளே போயிற்று. அதற்குப் பின்னால் விழ வேண்டிய கைகாட்டி விழவில்லை. காவலாளி கில்லிக் சிவப்புக் கொடியோடு ஓடினார். இரண்டாவது வண்டி அதற்குள் சுரங்கத்தில் நுழைந்துவிட்டது. வண்டிக்காரர் கொடியைப் பார்த்தாரா, பார்க்கவில்லையா என்று கில்லிக்குக்குத் தெரியவில்லை. “சுரங்கம் காலியா?” என்று மறுமுனைக்குத் தந்தி கொடுத்தார். மறுமுனையில் இருந்தவர் அப்போதுதான் முதல் வண்டி வெளியே வரக் கண்டிருந்தார். “காலி” என்று பதில் கொடுத்தார். கில்லிக் அதை இரண்டாவது வண்டியைப் பற்றிய பதிலாக எடுத்துக்கொண்டு மூன்றாவது வண்டிக்கு வெள்ளைக் கொடி காட்டினார். இரண்டாவது வண்டிக்காரரோ சிவப்புக் கொடியை ஒரு கணம் பார்த்திருந்தார். சுரங்கத்துக்குள் வண்டியை நிறுத்தி, என்ன விஷயம் என்று கேட்பதற்காகப் பின்னோக்கி வந்துகொண்டிருந்தார். இருட்டில் 23 பேர் மாண்டார்கள். 176 பேருக்குக் காயம். கில்லிக் அன்று தொடர்ந்து 24 மணி நேர வேலையில் இருந்தார் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

அப்போதும் சட்டம் வரவில்லை. 1889-ஆம் வருஷம் ஜூன் 12-ஆம் தேதி, அயர்லாந்தில் ஆர்மா என்ற ஊரிலிருந்து குழந்தைகளை உல்லாசப் பயணம் அழைத்துப் போன ரயில் மேட்டில் ஏற முடியாமல் திணறி நின்றது. வண்டியை இரண்டாகப் பிரித்து முன் பாதியை மட்டும் முதலில் இழுத்துப் போகலாம் என்று முயன்றார்கள். பின் பாதி பிடிப்பு இல்லாமல் சரிவில் உருண்டது. நிமிஷக் கணக்கை நம்பிப் பின்னால் அனுப்பியிருந்த வண்டி எதிரே வந்துகொண்டிருந்தது. இறந்தவர்கள் 80 பேர். அவர்களில் பலர் குழந்தைகள். அந்த வருஷமே பிரிட்டிஷ் பார்லிமெண்டு சட்டம் செய்தது. பயணிகள் வண்டி ஓடும் பாதையைப் பகுதிகளாகப் பிரித்தே ஆக வேண்டும் என்று கம்பெனிகளுக்கு உத்தரவிடும் அதிகாரம் அப்போதுதான் அரசாங்கத்துக்குக் கிடைத்தது. 1842-ல் சொன்ன யோசனை கட்டாயமாவதற்கு 47 வருஷம் ஆயிற்று.

ஆக, பெரிய ரயிலில் பகுதி பிரித்தது காவலுக்காக. ஒருவனுடைய ஆபத்து மற்றொருவனைத் தீண்டாமல் இருப்பதற்காக. பொம்மை ரயிலில் பிரித்தது ஆளுகைக்காக. அவரவர் வண்டியை அவரவர் ஓட்டுவதற்காக. வார்த்தை ஒன்றுதான், இரண்டையும் ‘பிளாக்’ என்றே சொன்னார்கள். பின்னால் வந்த கதைக்கு இந்த வித்தியாசம் முக்கியம்.

பொம்மை ரயில் வளர வளர, சுவிட்சுகளும் வளர்ந்தன. அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற தொழில்நுட்பக் கல்லூரியின் மாணவர்கள் 1946-ல் ஒரு மாதிரி ரயில் சங்கம் ஆரம்பித்தார்கள். யுத்த காலத்தில் ரேடார் ஆராய்ச்சிக்காக அவசரமாகக் கட்டின ‘இருபதாம் நம்பர் கட்டடம்’ அவர்களுக்கு இடம் கொடுத்தது. மேஜைக்கு மேலே மலையும் மரமும் ஊரும் செய்து மகிழ்ந்தவர்கள் ஒரு கோஷ்டி. மேஜைக்கு அடியில் படுத்துக் கம்பி பிணைத்தவர்கள் மற்றொரு கோஷ்டி. டெலிபோன் நிலையங்களில் வேலை செய்யும் ரிலேக்களைக் கொண்டு ஒரு பெரிய வலையை அவர்கள் பின்னினார்கள். டெலிபோன் வட்டைச் சுழற்றினால் போதும். இந்தத் துண்டுத் தண்டவாளம் எனக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘சிஸ்டம்’ என்பதே. அந்த மேஜைக்கு அடியில் படுத்திருந்தவர்களில் சிலர் பிற்பாடு கம்ப்யூட்டர்களை நோக்கிப் போனதும், ‘ஹேக்கர்’ என்ற வார்த்தைக்கு அவர்கள் மத்தியில் புதுப் பொருள் பிறந்ததும் தனிக் கதை. தண்டவாளத்தைத் துண்டு போடுவது எத்தனை மூளைகளுக்குத் தீனி போட்டது என்பதற்காக இதைச் சொன்னேன்.

ஆனால் சாதாரண மனிதனுக்கு அது மூளை வலி. வண்டி நகர நகரச் சுவிட்சைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்றை மறந்தால் வண்டி நிற்கும், அல்லது பக்கத்து ஆளின் கைப்பிடிக்குள் போய்விடும். ரயில் ஓட்டுவதற்கு வந்தவன் மடை மாற்றுவதிலேயே பொழுதைக் கழித்தான். ஒவ்வோர் எஞ்சினுக்கும் தனித் தனியாகக் கட்டளை சொல்ல ஒரு வழி இருந்தால் தண்டவாளத்தைத் துண்டு போட வேண்டாமே என்று பலரும் ஏங்கினார்கள். 1979-ன் கடைசியில் இங்கிலாந்தின் ஹார்ன்பி கம்பெனி ‘ஜீரோ ஒன்’ என்ற முறையைக் கொண்டுவந்தது. பதினாறு எஞ்சின்கள் வரையில் தனித் தனியாக ஓட்டலாம். 1980-களின் நடுவில் மார்க்லின் தன் டிஜிட்டல் முறையை வெளியிட்டது. ஜெர்மனியைச் சேர்ந்த லென்ஸ் என்ற மின்னணுக் கம்பெனி செய்த முறையை ஆதாரமாக வைத்து, அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் 1994-ல் எல்லாருக்கும் பொதுவான விதிகளை ஏற்றது. டி.ஸி.ஸி. என்பது அதன் சுருக்கப் பெயர்.

அதன் சூட்சுமம் அழகானது. தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும். கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. அது திசை மாறித் திசை மாறி ஓடுகிறது. ஒவ்வொரு திசையிலும் ஒரு வினாடியில் பத்து லட்சத்தில் 58 பங்கு நேரம் இருந்தால் அது ‘ஒன்று’. 100 பங்கோ அதற்கு மேலோ இருந்தால் ‘பூஜ்யம்’. இந்த ஒன்றும் பூஜ்யமும் சேர்ந்து எழுத்தாகின்றன, எழுத்துக்கள் கட்டளையாகின்றன. எஞ்சினுக்குள் ஒரு சின்ன டிகோடர் உட்கார்ந்திருக்கிறது. தன் நம்பரைக் கூப்பிட்டால் மட்டும் காது கொடுக்கும், மற்றதை விட்டுவிடும். வேலை செய்ய வேண்டிய மின்சாரமும், செய்யச் சொல்லும் உத்தரவும் ஒரே கம்பியில் வருகின்றன. ‘இரண்டு கம்பி இழுங்கள், போதும், இனி ஒரு துண்டும் வேண்டாம், ஒரு சுவிட்சும் வேண்டாம்’ என்று சொன்னார்கள். வரப்பையெல்லாம் வெட்டி ஒரே வயலாக்கினார்கள். யார் எங்கே வேண்டுமானாலும் உழலாம்.

அந்த ஒரே வயலில் என்ன நடக்கும் என்பதை நான் நேரில் பார்த்தேன். இங்கிலாந்தில் ஒரு நண்பர் வீட்டில் சில நாள் தங்கியிருந்தேன். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், மின்சார எஞ்சினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு சாயங்காலம் தாம் போகும் மாதிரி ரயில் சங்கத்துக்கு என்னை அழைத்துப் போனார். நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு அளவில் ஒரு ஜில்லாவே பரந்து கிடந்தது. ஏழெட்டுப் பேர் ஆளுக்கு ஒரு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மூலையில் கூட்ஸ் யார்டில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன், அன்றுதான் முதல் முறையாக வேலை ஏற்றிருந்தான். திடீரென்று எல்லாம் நின்றன. விளக்குகள் அணைந்தன, எஞ்சின்களின் சத்தம் அறுந்தது. அத்தனை தலைகளும் நிமிர்ந்தன. “யார்?” என்று ஒரு குரல் கேட்டது.

“என்ன ஆயிற்று?” என்று நண்பரைக் கேட்டேன்.

“ஷார்ட், சார். பையன் ஒரு பாயிண்டைத் திருப்ப மறந்துவிட்டான். சக்கரம் படக் கூடாத இரும்பில் பட்டு இரண்டு பக்கத்து மின்சாரமும் ஒன்றாகிவிட்டது.”

“அது யார்டில்தானே? அந்தக் கோடியில் போன எக்ஸ்பிரஸ் ஏன் நிற்க வேண்டும்?”

“எல்லாருக்கும் ஊற்று ஒன்றுதானே? ஊற்றை மூடினால் எல்லா வாய்க்காலும் வற்றும்.”

பையன் முகம் சிவந்து, கை நடுங்க எஞ்சினைத் தேடினான். ஒருவரும் அவனைத் திட்டவில்லை. ஆனால் எல்லாரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு வயதில் அதைவிடப் பெரிய தண்டனை வேறு கிடையாது. பழைய முறையில் அவனுடைய வண்டி மட்டும் நின்றிருக்கும். அவன் பாத்தி அவனோடு போயிருக்கும்.

தண்டனை அவமானத்தோடு முடிந்தாலும் பரவாயில்லை. பழைய கைப்பிடிகள் ஓர் ஆம்பியர், இரண்டு ஆம்பியர் கொடுக்கும் ஏழைகள். டிஜிட்டல் முறையில் ‘பூஸ்டர்’ என்கிற பெட்டி சாதாரணமாக 5 ஆம்பியர் வரையில் கொடுக்கிறது. 15 வோல்ட்டில் அது 75 வாட். அத்தனையும் ஒரு சக்கரத்தின் நுனியில் குவிந்தால் பிளாஸ்டிக் உருகும். மாதக் கணக்காக உட்கார்ந்து செய்த எஞ்சின் பாழாகும். பூஸ்டரில் காவல் உண்டு. ஷார்ட் வந்தால் தன்னை நிறுத்திக்கொள்ளும். ஆனால் இழுத்திருக்கிற கம்பி மெல்லியதாயும் நீளமாயும் இருந்தால் அந்தக் கம்பியே மின்சாரத்தை மட்டுப்படுத்திவிடும். பூஸ்டருக்கு அது ஷார்ட் என்றே தெரியாது. திருடன் மெதுவாக நடந்தால் காவற்காரன் விழிக்கமாட்டான் அல்லவா? அதைப் போல.

ஆகையால், பிடுங்கின வேலி திரும்பி வந்தது. தண்டவாளத்தை மறுபடியும் அறுத்துப் பகுதி பிரித்தார்கள். முதலில் வந்தது ஓர் ஏழைப் பாதுகாப்பு: மோட்டார் காரின் பின்புறம் பிரேக் பிடித்தால் எரிகிற பல்பு. அதை ஒவ்வொரு பகுதிக்கும் போகும் கம்பியில் இடையே மாட்டினார்கள். சாதாரணமாக அது எரியாது. ஷார்ட் வந்தால் பளிச்சென்று எரிந்து, சுமார் 2 ஆம்பியருக்கு மேல் போகாமல் தடுத்துக்கொள்ளும். பூஸ்டர் நிற்காது; மற்றப் பகுதிகளில் வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கும். எந்தப் பகுதியில் கோளாறு என்று விளக்கே காட்டிக் கொடுக்கும். பிறகு மின்னணு பிரேக்கர்கள் வந்தன. பூஸ்டர் விழிப்பதற்கு முன்பே, கண் இமைக்கும் நேரத்தில், அவை தம் பகுதியை மட்டும் துண்டித்துவிடும். சற்று நேரம் கழித்துத் தாமே எட்டிப் பார்த்து, கோளாறு தீர்ந்திருந்தால் மின்சாரத்தை விடும். சத்தம் போடும் எஞ்சின்கள் பல ஒரே பகுதியில் இருந்தால், மின்சாரம் திரும்பியதும் எல்லாம் ஒரே சமயத்தில் வாய் வைத்துக் குடிக்கும். அந்தத் தாகத்தை ஷார்ட் என்று தப்பாக எண்ணாத பொறுமையும் பிரேக்கருக்கு வேண்டும்.

இந்தப் புதிய எல்லைகள் பழைய எல்லைகள் இருந்த இடத்தில் விழவில்லை. பழைய வரப்பை எங்கே போடுவது என்பதை வண்டியின் நீளமும் போக்குவரத்தும் தீர்மானித்தன. புதிய வரப்பைத் தீர்மானிக்கும் கேள்வி ஒன்றுதான்: தப்பு எங்கே அதிகமாக நேரும்? பாயிண்டுகள் நெருங்கிக் கிடக்கும் யார்டு ஒரு பகுதி. எஞ்சின் கொட்டகை ஒரு பகுதி. கண்ணுக்குத் தெரியாமல் வண்டிகள் காத்திருக்கும் மறைவிடம் ஒரு பகுதி. நேராக ஓடுகிற மெயின் லைன் தனி. தப்புச் செய்யாதவன் தப்புச் செய்கிறவனோடு கம்பியைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டாம், அவ்வளவுதான் சூத்திரம். அதற்காக முழத்துக்கு ஒரு வெட்டு வெட்டினாலும் ஆபத்து. கம்பியும் செலவும் பெருகி, வரப்பே வயலாகிவிடும்.

எல்லைக்கு மற்றொரு நியதியும் உண்டு. வண்டி எல்லையைத் தாண்டும் கணத்தில் அதன் சக்கரம் இரு பக்கத்தையும் தொட்டுக்கொண்டிருக்கிறது. இந்தப் பக்கத்தில் மின்சாரம் போகிற திசையும் அந்தப் பக்கத்தில் போகிற திசையும் ஒத்திருக்க வேண்டும். மாறியிருந்தால் எல்லையிலேயே ஷார்ட். பிரிந்து வாழ்கிறவர்கள் எதிரிகளாக இருக்க வேண்டியதில்லை. ஒரே தாளத்தில் நடக்க வேண்டும்.

அண்ணனுக்கும் தம்பிக்கும் வழக்குத் தீர்ப்பதற்காகப் போட்ட வேலி, யாருக்கு என்ன சொந்தம் என்று சொல்லிற்று. டிஜிட்டல் முறை அதைப் பிடுங்கியது நியாயமே. வண்டி எங்கே வேண்டுமானாலும் போகட்டும், யார் வேண்டுமானாலும் ஓட்டட்டும். ஆனால் பிடுங்கினவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. அந்த வேலி கூலி வாங்காமல் இன்னொரு வேலையும் செய்துகொண்டிருந்தது. தீயைத் தீப்பிடித்த வீட்டோடு நிறுத்திக்கொண்டிருந்தது. ஆர்மாவில் குழந்தைகளைப் பறிகொடுத்துப் பெரிய ரயில் கற்ற பாடம் அதுதான். பொம்மை ரயிலின் அதிர்ஷ்டம், உருகின பிளாஸ்டிக்கையும் ஒரு பையனின் சிவந்த முகத்தையும் விலையாகக் கொடுத்து அதே பாடத்தைக் கற்றுக்கொண்டது.

பகுதி பிரித்து முடித்த பிறகு அந்த உலகத்தில் ஒரு பரீட்சை செய்கிறார்கள். பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து, இரண்டு தண்டவாளங்களுக்கும் குறுக்கே வைக்கிறார்கள். உடனே அந்தப் பகுதி துண்டிக்கப்பட வேண்டும். மற்றப் பகுதிகளில் ஒரு விளக்குகூட இமைக்கக் கூடாது. பிறகு நாணயத்தை எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்கு நகர்கிறார்கள். ஒரு மூலை விடாமல் இப்படியே வைத்து வைத்துப் பார்க்கிறார்கள். வரப்பு உறுதியாக இருக்கிறதா என்று வெள்ளம் வந்த அன்று பார்த்து என்ன பிரயோஜனம்? முன்கூட்டியே, தாமாகவே, ஒரு சின்னத் தப்பைச் செய்து பார்த்துக்கொள்கிறார்கள். அதற்குச் செலவு ஒரு காசு. அந்தக் காசும் கைக்குத் திரும்பி வந்துவிடுகிறது.